கல்லாவில் துண்டு விழுந்தால்: காசாளர் எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை

ஷிஃப்ட் முடிந்து கல்லாவை எண்ணும்போது 450 குறைகிறது. மேனேஜர் திரையைப் பார்க்கிறார், அப்புறம் காசாளரைப் பார்க்கிறார். "சம்பளத்துல பிடிச்சுக்கலாம்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. கல்லாவில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் பழக்கமான காட்சிதான் இது. பிடித்தம் நியாயமா என்பது அடுத்த கேள்வி. அந்த 450 எங்கே போனது என்று அங்கே ஒருவரும் தேடவில்லையே, அதுதான் முதல் தவறு.

துண்டு என்பது ஒரு கழித்தல் கணக்கின் விடை. "இருக்க வேண்டிய ரொக்கம்" ஒரு பக்கம், "எண்ணிப் பார்த்த ரொக்கம்" இன்னொரு பக்கம். துண்டு விழுந்தவுடன் எல்லாரும் இரண்டாவது பக்கத்தையே திரும்பத் திரும்ப எண்ணுகிறார்கள். தப்பு முதல் பக்கத்திலும் இருக்கலாம். அந்தப் பக்கம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்: தொடக்க இருப்பு, அதோடு ரொக்க விற்பனை, அதோடு நடுவில் வாங்கிப் போட்ட சில்லறை, இதிலிருந்து ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்த ரீஃபண்ட், பெட்டகத்துக்கு எடுத்துக் கொடுத்த பணம், வவுச்சர் போட்டுக் கொடுத்த சில்லறைச் செலவு எல்லாம் கழியும். ஒரு உதாரணம்: தொடக்க இருப்பு 2,000. ரொக்க விற்பனை 18,450. ரீஃபண்ட் 650. பெட்டகத்துக்குப் போனது 12,000. வவுச்சர் 160. இருக்க வேண்டியது 7,640. எண்ணினால் 7,190. துண்டு 450.

இந்த ஐந்து எண்களையும் யாரோ ஒருவர் விரலால் அழுத்தித்தான் உள்ளே போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் காசாளரே போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. தொடக்க இருப்பை முந்தைய ஷிஃப்டோ பின்னறையோ எண்ணி வைத்திருக்கலாம், ரீஃபண்டை சூப்பர்வைசர் தன் குறியீட்டில் போட்டிருக்கலாம், பெட்டகப் பணத்தை வேறொருவர் எடுத்துப் போயிருக்கலாம். அதனால் "துண்டு யாருடையது" என்று கேட்பதற்கு முன்னால், கல்லா திறந்ததிலிருந்து மூடும்வரை அதைத் தொட்டவர்கள் யார் யார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இருந்தால் காசாளருக்குப் பாதுகாப்பு. தாளில் பதில் இல்லாத இடத்தில் பழி பெரும்பாலும் கடைசியாகக் கல்லாவில் நின்றவர் தலையில்தான் விழுகிறது.

ஒரு கல்லா, ஒரு கை

தொடக்க இருப்பை எண்ணாமல் லாகின் செய்யாதீர்கள். இதைவிட முக்கியமான பழக்கம் இந்த வேலையில் கிடையாது. "காலையிலயே எண்ணி வெச்சிருக்கு, 2,000 இருக்கும், உட்காருங்க" என்பார்கள். வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள். எண்ணாமல் உட்கார்ந்தால் 2,000-ஐ நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும். உள்ளே 1,550 இருந்திருந்தால் மாலையில் விழும் 450 உங்கள் பெயரில். நோட்டு வகை வாரியாக எண்ணி, எத்தனை நோட்டு, எத்தனை நாணயம் என்று சீட்டில் எழுதி, நேரம் போட்டு, கொடுத்தவரும் நீங்களும் கையெழுத்து வையுங்கள். பழகிவிட்டால் 4, 5 நிமிடத்துக்கு மேல் ஆகாது. மொத்தத்தை மட்டும் எழுதுவது போதாது. வகை வாரியான எண்ணிக்கை பின்னால் துண்டைத் தேடும்போது எவ்வளவு உதவும் என்பது கீழே வருகிறது.

பின் நம்பரை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கூட வேலை செய்பவர் நல்லவர்தான், அவசரத்துக்குத்தான் கேட்கிறார், எல்லாம் உண்மைதான். ஆனால் இயந்திரத்துக்கு ஆள் தெரியாது, எண்தான் தெரியும். உங்கள் எண்ணில் அடித்த ஒவ்வொரு பில்லும், ரத்தும், விற்பனை இல்லாமல் பெட்டியைத் திறந்த ஒவ்வொரு முறையும் உங்கள் செயலாகத்தான் பதிவாகும். சாப்பிடப் போகும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போது லாக் செய்துவிட்டுப் போங்கள். உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால் அவருக்குத் தனிப் பெட்டி வேண்டும். பல இயந்திரங்களில் பணப்பெட்டியின் உள்தட்டை மட்டும் கழற்றி மாற்றலாம். உங்கள் தட்டைப் பூட்டி எடுத்து வைத்துவிட்டு அவர் தன் தட்டைப் போட்டுக்கொள்வார். அதற்கு வசதி இல்லாத கடையில், மாறும் நேரத்தில் இடைக் கணக்கு ஒன்று எடுக்க வேண்டும். எக்ஸ் ரிப்போர்ட் என்பது அதற்குத்தான் இருக்கிறது: அது அந்த நிமிடம் வரையிலான விற்பனையைக் காட்டும், எதையும் பூஜ்யமாக்காது. இசட் ரிப்போர்ட் நாளை முடித்து எண்களைப் புதிதாகத் தொடங்கிவிடும். எக்ஸ் எடுத்து, பணத்தை எண்ணி, இருவரும் கையெழுத்திட்டால் அந்த நிமிடத்தோடு உங்கள் பொறுப்பு முடிந்து அவருடையது தொடங்குகிறது.

இரண்டு பேர் ஒரே பெட்டியில் வேலை செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால் மறுக்க முடியாத நிலையில் பலர் இருக்கிறார்கள். அப்போது ஒரே ஒரு வேலையையாவது செய்யுங்கள்: "இன்று இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை 3-ஆம் எண் கல்லாவை நானும் இன்னொருவரும் சேர்ந்து பயன்படுத்தினோம்" என்று சூப்பர்வைசருக்கு ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். புகார் தொனி எதுவும் வேண்டாம், தகவலாகவே இருக்கட்டும். மூன்று வாரம் கழித்து அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு அன்றைக்குத் தெரியாது.

பெட்டகத்துக்குப் பணம் எடுக்கும் நேரம்தான் சங்கிலியில் மிக எளிதில் அறுபடும் கண்ணி. சூப்பர்வைசர் வருவார், ஒரு கட்டு நோட்டை வாங்கிக்கொண்டு "உள்ள போய் எண்ணிக்கிறேன்" என்று போய்விடுவார். கவுண்டரிலேயே, இருவர் கண்ணெதிரில் எண்ண வேண்டும். தொகை, நோட்டு வகை, நேரம், உறை எண், இரண்டு கையெழுத்து. ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். இயந்திரத்திலும் அந்த நிமிடமே பதிய வேண்டும். பதியாமல் விட்டால் எடுத்துப்போன முழுத் தொகையும் மாலையில் துண்டாகத் தெரியும். பின்னறையில் எண்ணியபோது ஒரு நோட்டு குறைந்தது என்று மறுநாள் சொன்னால், அந்தச் சீட்டுதான் உங்கள் பதில். சீட்டு இல்லாவிட்டால் இரண்டு பேரின் வாய்வார்த்தைதான் மிஞ்சும். அதில் யாருடையது எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

மூடும்போது எண்ணுவதில் "குருட்டு எண்ணல்" என்று ஒரு முறை உண்டு. இருக்க வேண்டிய தொகையைக் காசாளருக்குக் காட்டாமல், எண்ணியதை முதலில் எழுதச் சொல்வார்கள். தங்களைச் சந்தேகப்படுவதாகப் பல காசாளர்கள் இதில் வருத்தப்படுகிறார்கள். உண்மையில் இது காசாளருக்கு நல்லது. விடை தெரிந்தபின் எண்ணினால் கை தானாக அந்த விடையை நோக்கியே எண்ணும். அதிகம் இருந்தால் எடுத்து வைக்கும் ஆசையும், குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போடும் பயமும் வரும். விடை தெரியாமல் எழுதிய எண்ணிக்கையை "சரிக்கட்டி எழுதியது" என்று யாரும் சொல்ல முடியாது.

450 என்ன சொல்கிறது

துண்டின் தொகையே பல நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன 450-ஐயே எடுத்துக்கொள்வோம்.

முதலில் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் ஏதோ ஒரு எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு, அல்லது ஒரு பூஜ்யம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். எந்த எண்ணில் எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாலும் வித்தியாசம் 9-இன் மடங்காகத்தான் வரும். நம் உதாரணத்தில் வவுச்சர் 160 என்று பதிவாகியிருக்கிறது. காகித வவுச்சரை எடுத்துப் பார்த்தால் 610. வித்தியாசம் 450. பணம் எங்கும் போகவில்லை, விரல்தான் தவறியிருக்கிறது. பூஜ்யப் பிழையைத் தேட 450-ஐ 9-ஆல் வகுத்தால் 50 வருகிறது. 50 என்று இருக்க வேண்டிய இடத்தில் 500, அல்லது 500 இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று ஏதாவது பதிவு இருக்கிறதா பாருங்கள். 9-ஆல் வகுபடுவதே நிரூபணம் ஆகிவிடாது, ஒன்பதில் ஒரு எண் எப்படியும் வகுபடும். ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று அது சொல்கிறது.

அடுத்து, துண்டைப் பாதியாக்குங்கள்: 225. 225-க்கு ரீஃபண்ட் ஏதாவது கொடுத்தோமா? ரீஃபண்டைத் தவறுதலாக விற்பனையாக அடித்துவிட்டால், 225 கழிய வேண்டிய இடத்தில் 225 கூடிவிடும். துண்டு இரண்டு மடங்காகத் தெரியும். ஒரு தொகை தவறான பக்கத்தில் விழும்போதெல்லாம் இந்த இரட்டிப்பு வரும்.

மூன்றாவதாக, சரியாக 450-க்கு ஒரு பில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாடிக்கையாளர் கார்டில் கட்டியிருப்பார், நீங்கள் அவசரத்தில் ரொக்கம் என்ற பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அப்படியானால் கார்டு மெஷினின் நாள் கணக்கு, பில்லிங் இயந்திரத்தில் உள்ள கார்டு மொத்தத்தைவிடச் சரியாக 450 கூடுதலாக இருக்கும். கடைக்கு ஒரு பைசா நட்டமில்லை. வெறும் இட மாற்றம். ரொக்கத் துண்டு வந்த அன்றே கார்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத மேனேஜர், இல்லாத நட்டத்துக்குப் பிடித்தம் செய்கிறார். இது நடக்கிறது, அடிக்கடி நடக்கிறது. கியூஆர் வழியாக வந்த பணத்துக்கும் இதே சோதனைதான்.

நான்காவது சந்தேகம் சில்லறை கொடுத்ததில். வாடிக்கையாளர் 50 கொடுத்திருக்கிறார், நீங்கள் 500-க்கான மீதியைக் கொடுத்துவிட்டீர்கள். 40-க்குப் பில் என்றால் 10 கொடுக்க வேண்டிய இடத்தில் 460 போயிருக்கும், நட்டம் 450. இதைக் கண்டுபிடிக்கத்தான் வகை வாரியான எண்ணிக்கை. வாங்கிய தொகையை உள்ளபடி அடிக்கும் பழக்கம் இருந்தால், "வாங்கியது 500" என்று பதிவான பில்கள் எத்தனை, மீதியாகவோ பெட்டகத்துக்கோ போன 500 நோட்டுகள் எத்தனை, கல்லாவில் இருப்பவை எத்தனை என்று ஒப்பிடலாம். ஒரு 500 குறைந்து ஒரு 50 கூடியிருந்தால் விஷயம் தெளிவு. பலர் நேரம் மிச்சம் என்று "சரியான தொகை" பொத்தானையே எல்லாப் பில்லுக்கும் அழுத்துகிறார்கள். அப்படிச் செய்தால் இந்தத் தடயம் அழிந்துவிடும், திரை கணக்குப் போட்டுச் சொல்லும் மீதித்தொகையும் கிடைக்காது.

ஐந்தாவது, தொடக்க இருப்பே 450 குறைவாக வந்திருக்கலாம். அதற்கான மருந்தை முதலிலேயே சொல்லியாயிற்று.

இவை தவிர எளிய காரணங்களும் உண்டு. புது நோட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும். தட்டுக்கு அடியில், பெட்டிக்குப் பின்புற இடுக்கில் நோட்டு நழுவி விழும். பெட்டியை முழுதாக வெளியே இழுத்துப் பார்க்காமல் தேடல் முடிந்ததாகச் சொல்லக் கூடாது. கட்டு நோட்டை "100 இருக்கும்" என்று நம்பி எடுத்துக்கொள்வார்கள், உள்ளே 99 இருக்கும். எண்ணும் மெஷின் காட்டியது என்பதால் மட்டும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவில் வேறு மதிப்பு நோட்டு கலந்திருந்தால் சாதாரண மெஷினுக்குத் தெரியாது. இரண்டாம் முறை கட்டைத் திருப்பி வைத்து எண்ணுங்கள்.

ஒரு நாள் துண்டைவிட மாதக் கணக்கு அதிகம் பேசும். ஒருநாள் 20 குறைவு, மறுநாள் 10 கூடுதல், இன்னொரு நாள் 5 குறைவு என்று இருபுறமும் ஆடினால் அது மனிதக் கைப்பிழை, கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரும். எப்போதும் குறைவாகவே, முழு நோட்டுத் தொகையாகவே, குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பில் இருக்கும் நாளில் மட்டுமே துண்டு விழுந்தால் அது வேறு விஷயம். அந்த ஒருவர் காசாளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாவி வைத்திருப்பவராக இருக்கலாம். ஆகவே உங்கள் நாள் கணக்கை, கூடுதல் குறைவு இரண்டையும், ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள்.

கவுண்டரில் கை எப்படிப் போக வேண்டும்

வாங்கிய நோட்டை உடனே பெட்டிக்குள் போடாதீர்கள். பெட்டியின் மேல்தட்டில், வாடிக்கையாளர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். "ஐந்நூறு வாங்கியிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மீதியை எண்ணிக் கையில் கொடுத்து அவர் ஏற்றுக்கொண்ட பிறகே நோட்டு உள்ளே போக வேண்டும். "நான் ஐந்நூறு கொடுத்தேன், நீங்க ஐம்பதுக்குத்தான் மீதி கொடுத்திருக்கீங்க" என்ற சண்டையில் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்திலேயே இல்லாமல் போகும்.

மீதியைத் திரையில் பார்த்து மொத்தமாக எடுத்துக் கொடுப்பதைவிட, பில் தொகையிலிருந்து மேல்நோக்கி எண்ணிக் கொடுப்பது பாதுகாப்பு. பில் 365, வாங்கியது 500 என்றால்: 5 கொடுத்து "முந்நூற்று எழுபது", 10, 20 கொடுத்து "நானூறு", 100 கொடுத்து "ஐந்நூறு". இரண்டு பேர் காதும் ஒரே கணக்கைக் கேட்கிறது.

நோட்டு மாற்றும் ஏமாற்று வேலை உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான். சிறிய பில்லுக்குப் பெரிய நோட்டைக் கொடுப்பார். நீங்கள் மீதி எடுக்கும்போதே "இருங்க, என்கிட்ட சில்லறை இருக்கு" என்பார். அதை வாங்குவதற்குள் "அந்தப் பத்து நோட்டுகளுக்குப் பதிலா ஒரு நூறா கொடுங்க" என்பார். பேச்சு நிற்காது. இரண்டு மூன்று கொடுக்கல் வாங்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், எதில் இருக்கிறோம் என்று காசாளருக்கு மறந்துபோகும், அந்த மறதிதான் ஏமாற்றுபவருக்கு வருமானம். மாற்று ஒன்றே: ஒரு பில் முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. குழம்பினால் பெட்டியை மூடிவிடுங்கள். "முதல் பில்லை முடிச்சுக்கறேன், அப்புறம் மாத்தித் தர்றேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கட்டும்.

மீதி குறைவு என்று யாராவது வாதாடினால் கையிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பாதீர்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு எக்ஸ் ரிப்போர்ட் எடுத்துக் கல்லாவை எண்ணச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்ன தொகை கல்லாவில் கூடுதலாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதற்கு 10 நிமிடம் ஆகும், கூட்ட நேரத்தில் நிர்வாகம் விரும்பாது. அந்த நேரத்தில் "கொடுத்து அனுப்புங்க" என்று சூப்பர்வைசர் சொன்னால், அந்தத் தொகைக்கு அவர் கையெழுத்திட்ட வவுச்சர் வேண்டும். முடிவு அவருடையது, பொறுப்பும் அவருடையதாக இருக்கட்டும்.

கள்ள நோட்டு வங்கிக்குப் போன பிறகு துண்டாகத் திரும்பி வரும். சோதிக்கும் கருவியும் பயிற்சியும் கொடுத்திருந்து, பெரிய நோட்டைச் சோதிக்காமல் வாங்கினால் அதில் காசாளரின் பங்கு இருக்கிறது. கருவியும் கொடுக்காமல், பயிற்சியும் கொடுக்காமல் நோட்டின் மதிப்பைச் சம்பளத்தில் பிடிப்பது நியாயமில்லை. கைபேசித் திரையில் காட்டும் "பணம் அனுப்பியாயிற்று" என்ற படத்தை நம்பிப் பொருளைக் கொடுப்பதும் இதே வகை. உங்கள் பக்கம் பணம் வந்த ஒலியோ பதிவோ இல்லாமல் பில்லை முடிக்காதீர்கள்.

சொந்தப் பணத்தைப் போட்டுத் துண்டை அடைப்பது, நல்ல மனசோடு செய்யும் கெட்ட வேலை. அன்றைய கணக்கு நேராகிவிடும், உண்மையான காரணம் புதைந்துவிடும். கார்டு கணக்கில் அந்த 450 இரண்டு நாள் கழித்து வெளிவரும்போது உங்கள் பணம் கடையின் வரவாகிவிட்டிருக்கும். கூடுதல் வந்த நாளில் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்து, குறைந்த நாளில் அதிலிருந்து ஈடுகட்டும் பழக்கமும் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கூடுதல் என்பது பெரும்பாலும் ஒரு வாடிக்கையாளருக்குக் குறைவாகக் கொடுத்த மீதி. அதை எடுத்து வைத்த கணத்தில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாவிட்டாலும், பதிவில் இல்லாத கடைப் பணம் உங்கள் கையில் இருக்கிறது. கேமராவில் அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

துண்டு தெரிந்த முதல் ஒரு மணி நேரம்

வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இன்னொருவரை வைத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். தட்டுக்கு அடியில் பாருங்கள். பெட்டகச் சீட்டுகளை இயந்திரப் பதிவோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கார்டு, கியூஆர் மொத்தங்களை ஒப்பிடுங்கள். ரத்தான பில்கள், ரீஃபண்டுகள், விற்பனையில்லாமல் பெட்டி திறந்த பதிவுகள் ஆகியவற்றை அச்செடுங்கள். பிறகு நடந்ததை ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எப்போது இடைவேளை, யார் மாற்றினார், யார் பணம் எடுத்தார், எந்த நேரத்தில் குழப்பம் நடந்தது. நினைவு பச்சையாக இருக்கும்போது எழுதியதற்குத் தனி மதிப்பு உண்டு.

கேமராப் பதிவை அன்றே எழுத்தில் கேளுங்கள். "கேமராவைப் பாருங்க" என்று வாயால் சொன்னால் போதாது. கல்லா எண், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறித்து, அதை அழியாமல் எடுத்து வைக்கும்படி கேளுங்கள். இந்தப் பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக மேலெழுதப்பட்டுவிடும். ஒரு மாதம் கழித்து விசாரணை வரும்போது "பதிவு இல்லை" என்பார்கள்; கேட்ட கடிதம் கையில் இருந்தால் பதிவு இல்லாதது உங்கள் குற்றமாகாது.

கையெழுத்து விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பயத்தில், அழுகையில், வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் நீட்டிய தாளில் எழுதிவிடுகிறார்கள். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத தாளிலோ ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். "என் தவறால் ஏற்பட்டது" என்ற வாசகம் இருந்தால் அது ஒப்புதல். கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் கையால் இப்படி எழுதுங்கள்: "450 துண்டு இருப்பதாகக் காட்டப்பட்டதைப் பார்த்தேன். காரணம் தெரியவில்லை. பொறுப்பை ஏற்கவில்லை." தேதி, நேரம் போட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மேசையில் ராஜினாமாக் கடிதம் கேட்டால் மறுத்துவிடுங்கள். துணைக்கு ஒரு சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துக்கொள்ளக் கேளுங்கள்.

துண்டு விழுந்தது வேறு, திருடியது வேறு. திருட்டு என்றால் எடுக்கும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். கணக்கு உதைக்கிறது என்பது மட்டும் அதைக் காட்டாது. "போலீஸுக்குப் போவோம், இல்லேன்னா பணத்தைக் கட்டு" என்று யாராவது சொன்னால் அந்த வார்த்தையையும் நேரத்தையும் அப்படியே குறித்து வையுங்கள்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஆனால் அடியில் ஓடும் எண்ணம் ஏறக்குறைய ஒன்றுதான்: பணத்தின் மீது யாருக்கு முழுக் கட்டுப்பாடு இருந்ததோ, யாருடைய கவனக்குறைவு காட்டப்பட்டதோ, அவரிடம்தான் கேட்க முடியும். கேட்பதற்கும் ஒரு எல்லை உண்டு.

இதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் மிகத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அங்குள்ள 2000-ஆம் ஆண்டு வேலைத்தரச் சட்டப்படி, அந்தப் பணத்தை எடுக்கும் வாய்ப்பு இன்னொருவருக்கும் இருந்திருந்தால், ஊழியர் எழுதிக் கொடுத்திருந்தாலும் துண்டுக்காகச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஒரே பெட்டியில் நான்கு பேர் வேலை செய்துவிட்டு, மாலையில் துண்டை நான்கால் வகுத்து ஆளுக்குக் கால் பங்கு என்று பிடிக்கும் வழக்கத்தை நினைத்தால், இந்த விதியின் அருமை புரியும்.

இந்தியாவில் 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே இதைப் பேசியது. ஊழியர் கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைந்தால் பிடிக்கலாம், ஆனால் அந்த இழப்பு அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும். இழப்பின் அளவைவிட அதிகம் பிடிக்கக் கூடாது. பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே கட்டுப்பாடுகள் உள்ளன. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "சம்பளத்துல பிடிச்சுக்கலாம்" என்ற ஒற்றை வரிக்கும் இந்தச் சட்டத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டம் சில்லறை வணிக ஊழியர்களுக்கென்றே தனிப் பாதுகாப்பு வைத்திருக்கிறது. துண்டுக்காக ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்க முடியாது. துண்டைக் கண்டுபிடித்த, அல்லது கண்டுபிடித்திருக்க வேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிடித்தத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் விளக்கம் கேட்ட பிறகே பிடிக்கலாம், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மிகாமல், ஒரே ஒரு முறை. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தில் துண்டுக்கான பிடித்தம் ஒருவரின் ஊதியத்தைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. கலிபோர்னியா இன்னும் கடுமை: நேர்மையின்மை, வேண்டுமென்றே செய்த செயல், மிக மோசமான அலட்சியம் இவற்றில் ஒன்றைக் காட்டாமல் கல்லாத் துண்டைப் பிடிக்கவே முடியாது. சாதாரணக் கைப்பிழை வணிகத்தின் செலவு என்பது அதன் பொருள், அது சரியான பார்வை என்றே கருதுகிறோம். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான முறை பணம் கைமாறும் வேலையில் பிழையே வராது என்று எந்த முதலாளியும் நினைக்க முடியாது. லாபம் முழுக்கக் கடைக்கு, பிழை முழுக்கக் காசாளருக்கு என்பது கணக்காகாது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு பெயரே உண்டு: மான்கோகெல்ட், அதாவது துண்டுப் படி. தவறே இல்லாவிட்டாலும் துண்டுக்குக் காசாளர் பொறுப்பு என்று ஒப்பந்தம் போட வேண்டுமானால், அதற்கென்று தனியாக ஒரு படியைக் கொடுக்க வேண்டும். அந்தப் படியின் அளவுக்கு மேல் அவரிடம் அப்படிக் கேட்க முடியாது. வேலையில் சேரும்போது "கல்லாத் துண்டுக்கு நானே முழுப் பொறுப்பு" என்ற வரியில் கையெழுத்து கேட்டால், ஜெர்மானியர்கள் கேட்கும் கேள்வியை நீங்களும் கேட்கலாம்: அந்தப் பொறுப்புக்கு என்ன கொடுக்கிறீர்கள்? பெட்டியை நான் மட்டும்தான் தொடுவேனா?

காசாளர் பக்கம் நியாயம் இல்லாத இடங்களும் உண்டு. பின் நம்பரைக் கொடுத்தது, பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு நகர்ந்தது, எண்ணாமல் ஏற்றுக்கொண்டது, சொல்லிக்கொடுத்த பிறகும் நோட்டைச் சோதிக்காமல் வாங்கியது, கூடுதலை மறைத்தது. இவற்றில் பொறுப்பு வரும், வர வேண்டும். திரும்பத் திரும்பத் துண்டு விழுந்தால் நிர்வாகம் எச்சரிக்கலாம், மறுபடி பயிற்சி தரலாம், கல்லாவிலிருந்து மாற்றலாம். பிடித்தம் செய்ய உரிமையில்லை என்பதால் நடவடிக்கைக்கே உரிமையில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

பிடித்தம் வந்தே விட்டது என்றால் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த நாள், எந்தக் கல்லா, துண்டு எப்படிக் கணக்கிடப்பட்டது, அன்றைய இசட் ரிப்போர்ட், பெட்டகச் சீட்டுகள், பெட்டியைத் திறந்தவர்களின் பதிவு, எந்தச் சட்டப் பிரிவின்கீழ் பிடிக்கிறார்கள். பதில் வராவிட்டால் அந்தப் பதிலின்மையையும் சேர்த்துத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டு போகலாம். சம்பளச் சீட்டில் "இதர பிடித்தம்" என்று மட்டும் போட்டிருந்தால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். எதற்கான பிடித்தம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் கடைசி நாளில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் அந்தப் பத்தில் ஒரு பங்கு வரம்பு கடைசிச் சம்பளத்துக்குப் பொருந்தாது. வேறு இடங்களிலும் பழைய துண்டுகளையெல்லாம் தூசி தட்டி எடுத்துக் கடைசிக் கணக்கில் வைப்பது சகஜம். அதனால் விலகல் கடிதம் கொடுத்த அன்றே நிலுவைத் துண்டு ஏதாவது என் பெயரில் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். கடைசி ஷிஃப்டில் கல்லாவை இருவராக எண்ணி, இசட் ரிப்போர்ட்டின் பிரதியில் "ஒப்படைக்கப்பட்டது, நிலுவை இல்லை" என்று சூப்பர்வைசரிடம் எழுதி வாங்குங்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த நேரத்தையும், உங்கள் பின் நம்பர் முடக்கப்பட்டதையும் அதே தாளில் குறிக்கச் சொல்லுங்கள். முடக்காமல் விட்ட பின் நம்பரில் நீங்கள் போன பிறகும் பில் விழலாம்.